தோசைக்கல்லின் மேல் தண்ணீர்

என் அக்காவின் தள்ளுவண்டியில், தோசைக்கல்லின் மேல் குண்டானை வைத்துத் தண்ணீர் காய்ச்சச் சொன்னது நான்தான். அதனால் யாருக்கும் எந்த நன்மையும் நடக்கவில்லை. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதைச் சொல்ல எனக்கு வெகுகாலம் வாய் வரவில்லை.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தமிழ் ஊர். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. நைனா காலத்தில் அரசாங்கம் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் பட்டா போட்டுக் கொடுத்தது. அதில் வேர்க்கடலையும் கேழ்வரகும் போட்டோம். நைனா போன பிறகு, கம்பெனிகள் வருகின்றன என்று சொல்லி அந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நிலம் போன வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அக்காவுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது, படிப்பும் கிடையாது. நான் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்திருந்தேன். வேலை எனக்கு வந்தது. அம்மா அதை வேலை என்று சொல்ல மாட்டாள். "நம்ம நெலம் உன் கையில கீது, பாத்துக்கோ" என்பாள். நான் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் இதைச் சொல்வாள்.

செல்போனுக்குள் வைக்கும் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை. தலையில் குல்லா, முகத்தில் துணி, காலில் வேறு செருப்பு. எட்டு மணி நேரம் நின்றபடி. நேராகக் கம்பெனியில் எடுக்கவில்லை, ஒரு காண்ட்ராக்டர் மூலமாகத்தான் எடுத்தார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. மாலையில் ஷிஃப்ட் முடியும்போது எங்கள் ஊருக்குப் பஸ் இருக்காது. அதனால் வாரத்தில் ஆறு நாள் காண்ட்ராக்டரின் ஹாஸ்டலிலேயே தங்கினேன். அது மூன்று மாடிக் கட்டடம். கல்யாண மண்டபத்துக்கென்று கட்ட ஆரம்பித்துப் பாதியில் ஹாஸ்டலாக்கியது. ஓர் அறையில் எட்டுப் பேர். பீகார், ஒரிசா, விஜயநகரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர் பெயர்தான். என்னை 'சத்தியவேடு' என்பார்கள். என் பக்கத்துப் பாயில் படுத்தவளை 'ஸ்ரீகாகுளம்' என்பார்கள்.

அக்காவும் மாமாவும் வண்டி போட்டது அந்த ஹாஸ்டலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கம்பெனி பஸ்கள் நிற்கும் முனையில். மாமா அதற்கு முன் திருப்பதியில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டராக இருந்தவர். ஓட்டல்காரர் அடுப்பை மாற்றியபோது பழைய கல்லை இவருக்குக் கொடுத்துவிட்டார். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒரு விரல் கனம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். புத்தூரில் ஒரு வெல்டிங் கடையில் வண்டி செய்து, கல்லை அதன் மேலேயே பற்றவைத்துவிட்டார்கள். கல்லுக்கடியில் ஒரே ஒரு பெரிய அடுப்பு, ஒரு சிலிண்டர். இட்லியையும் சட்னியையும் வீட்டிலேயே செய்து கொண்டுவருவார்கள். வண்டியில் சுடுவது தோசை மட்டும்தான். குடிக்கவும் கை கழுவவும் ஊர்க் குழாயில் பிடித்த தண்ணீர் இரண்டு நீல டிரம்மில் இருக்கும்.

அந்தக் கல் நன்றாகப் பழகிய கல். எத்தனையோ வருஷத்து எண்ணெய் அதில் இறங்கி, கறுத்து, வழுவழுவென்று இருக்கும். மாமா அதன் மேல் ஓர் ஈரத்துணி படக்கூடப் பொறுக்க மாட்டார். விளக்குமாற்றால் ஒரு தட்டு, பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். மாவை ஊற்றி இழுத்தால் கரண்டி தானாகப் போகும்.

ஸ்ரீகாகுளத்துக்காரிக்கு அக்காவின் தோசை மேல் பைத்தியம். ஹாஸ்டலில் காலையில் போடும் உப்புமாவை அவள் தொடவே மாட்டாள். ஓரத்தில் கருகின மொறுமொறுப்புத்தான் வேண்டும் என்று வண்டிக்குப் பின்னால் போய் மாமாவின் பக்கத்தில் நின்றுகொள்வாள். குட்டையாக இருப்பாள். கல்லுக்கு மேல் முகம் மட்டும் தெரியும். எங்கள் பக்கத்துத் தமிழ் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்து, "அக்கா, நானு துன்னுட்டேன்" என்று சத்தமாகச் சொல்வாள். வரிசையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவுக்கு அதில் பெருமை. அந்த வண்டிக்கு முதலில் வந்த ஹாஸ்டல் பெண் அவள்தான், அவளைக் கூட்டிவந்தவள் நான்.

ஐப்பசி மழை பிடித்து ஒரு பத்து நாள் விடவில்லை. ஹாஸ்டலைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர். மழை நின்று கொஞ்ச நாளில் மூன்றாவது மாடியில் இரண்டு பேருக்கு வாந்தி. பிறகு எங்கள் மாடியிலும். கண்ணெல்லாம் மஞ்சள். மஞ்சள் காமாலை என்று ஊருக்கு அனுப்பினார்கள். ஹாஸ்டல் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். வெளியில் தள்ளுவண்டியில் சாப்பிடாதீர்கள் என்று தெலுங்கிலும் இந்தியிலும் எழுதியிருந்தது.

அந்த முனையில் இருந்தது ஒரே வண்டி.

ஊருக்கு வந்த நர்சம்மா, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும், வெறுமனே சூடு செய்தால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது இதைக் கேள்விப்பட்டு, வண்டியிலேயே காய்ச்சலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வீட்லயே காய்ச்சி எடுத்தாந்தா போதாதா?" என்றாள் அக்கா.

"யார் நம்புவாங்க? எல்லாரும் பாக்கற மாதிரி அங்கயே காய்ச்சணும்க்கா. கண்ணுக்கு முன்னால கொதிச்சாத்தான் வருவாங்க."

"அங்க எங்கடி அடுப்பு? கீறது ஒரு அடுப்பு."

"கல்லு மேல வெய்யி."

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கல்லு மேல தண்ணி வெச்சா கல்லு இன்னாத்துக்கு ஆவும், பாப்பா? பொங்கி வழிஞ்சா போச்சி. தோச ஒட்டிக்கினு வராது."

"வரிசையே இல்லாம நின்னுக்கினு கீறதுக்கு அது எவ்ளவோ பரவால்ல மாமா."

அந்த வாரம் வரிசை பாதியாகிவிட்டிருந்தது.

மறுநாளே ஆரம்பித்தார்கள். அடிதட்டையான பெரிய அலுமினியக் குண்டானைக் கல்லின் நடுவில் வைத்து மூடினார்கள். இவ்வளவு நேரமாகும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நெருப்பு முதலில் கனத்த இரும்பைக் காய்ச்சி, இரும்பு குண்டானைக் காய்ச்சி, அதற்குப் பிறகுதான் தண்ணீருக்குச் சூடு போகும். இதற்கிடையில் ரோட்டுக் காற்று அடுப்பைப் பக்கவாட்டில் தள்ளும். கல்லின் நடுவில்தான் தோசை நன்றாக வரும். அந்த இடத்தில் குண்டான் உட்கார்ந்துகொள்ள, மாமா ஓரத்தில் ஊற்றினார். தோசை வெளுத்துப்போய் வந்தது. ஸ்ரீகாகுளத்துக்காரி எங்கிருந்தோ ஓர் எண்ணெய் டின்னின் தகட்டைக் கொண்டுவந்து, காற்று வரும் பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை சுடும், மாற்றிக்கொள்வாள். மூடி ஆட ஆரம்பித்ததும், "அக்கா, கொதிக்கிது, கொதிக்கிது" என்று கத்துவாள். அதைக் கேட்டுத்தான் மாமா ஓடிவந்து மூடியைத் தூக்குவார். அப்படியும் ஒருநாள் வழிந்துவிட்டது. தண்ணீர் கல் முழுவதும் ஓடி, உருண்டைகளாகத் துள்ளி, சீறி, அடங்கியது. அதற்குப் பிறகு ஊற்றிய தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது. மாமா கரண்டியை வைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார். அக்கா வெங்காயத்தை வெட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி தேய்த்து.

இது மூன்று வாரம் நடந்தது. நான் இப்போது சொல்லப்போவது அந்த மூன்று வாரத்துக்கு நடுவில் நடந்தது.

ஒருநாள் காலையில் ஹாஸ்டல் பின்பக்கம் துணி உலர்த்தப் போனேன். அங்கேதான் தரையில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுவார்கள். அன்று தொட்டி மூடியின் ஒரு மூலை உடைந்து உள்ளே விழுந்திருந்தது. நான்கடி தள்ளி கக்கூஸ் குழி. மழையில் அதன் மேல் பலகை தூக்கிக்கொண்டு, உள்ளே இருப்பது மெல்ல நிரம்பி வழிந்து, புல்லுக்கடியில் ஒரு கோடு மாதிரி ஓடி, அந்த உடைந்த மூலையில் இறங்கிக்கொண்டிருந்தது. மழை நின்று பல நாள் ஆகியும் அந்தக் கோடு காயவில்லை. நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

நேராக வார்டனம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னோடு வந்து பார்த்தார். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். திரும்பி நடக்கும்போது தெலுங்கில் கேட்டார்:

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம்."

"சொல்லாத. நான் ஆள வெச்சி சரி பண்றேன். இது வெளிய போச்சின்னா ஹாஸ்டல மூடிடுவாங்க. முந்நூறு பொண்ணுங்க எங்க போவாங்க? உனக்கு வேற இன்னும் ரெண்டு மாசத்துல பர்மனென்ட் பேப்பர் வரணும்."

கடைசியில் சொன்னதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அன்று மாலை தொட்டியில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, உடைந்த மூலையில் ஒரு தகரத்தை வைத்து மேலே கல் வைத்தார்கள். குழியைத் தொடவில்லை.

ஸ்ரீகாகுளத்துக்காரியிடம் மட்டும், "இங்க தண்ணி குடிக்காத, அக்கா வண்டியிலேருந்து பாட்டில்ல புடிச்சிக்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டாள். ஆனால் பல் தேய்க்கவும், வாய் கொப்பளிக்கவும், தட்டு கழுவவும் அந்தத் தண்ணீர்தானே. அதற்கு முன்னாலேயே ஒரு மாதமாக அதைத்தான் குடித்திருந்தாள். நான் கம்பெனி கேன்டீனில் பாட்டில் நிரப்பிக்கொண்டு வருவேன். உள்ளூர்ப் பெண்களுக்கெல்லாம் அந்தப் பழக்கம் இருந்தது. நாங்கள் அதை மற்றவர்களுக்குச் சொன்னதில்லை. கேன்டீன்காரர் எல்லோருக்கும் விட மாட்டார் என்பதுதான் காரணம்.

ஒரு திங்கட்கிழமை அவள் தோசை வேண்டாம் என்றாள். அக்கா ஓரத்து மொறுமொறுப்பாகப் பார்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் ஏறும்போது அது இன்னும் அவள் கையில் இருந்தது. அடுத்த நாள் வாந்தி. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஹாஸ்டலில் ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து அக்கா மூலமாக அனுப்பினாள். ஒரு வாய் குடித்து அதையும் வாந்தி எடுத்தாள். நான்காம் நாள் ஷிஃப்ட் முடிந்து நான் வந்தபோது, அவள் பாயில் உட்கார்ந்துகொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அறையில் யாருமில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தமிழ் ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. நான் கத்தின பிறகுதான் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்தாள். நான் பார்க்கப் போகவில்லை, லீவு கேட்டால் அட்டென்டன்ஸ் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன். சனிக்கிழமையே இறந்துவிட்டாள்.

அவள் அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் முழுக்க ரயிலில் வந்து சேர்ந்தார்கள். காண்ட்ராக்டரின் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர், பக்கத்தில் வார்டனம்மா. சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே மகளின் முகம்.

"நீ அவளோட ரூம்மேட் தான?" என்றார் அந்த ஆள்.

"ஆமா சார்."

"காலையில அவ எங்க சாப்பிடுவா?"

"வெளிய. பஸ் ஸ்டாப்புல."

"தள்ளுவண்டியில?"

"ஆமா."

"தெனமும்?"

"தெனமும்."

"அதை எழுது."

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு வார்டனம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என்ன யோசனை? பொய் எழுதச் சொல்லலியே. உண்மையத்தான எழுதச் சொல்றோம்?"

உண்மைதான். ஒரு வார்த்தை பொய்யில்லை. 'என் அறைத்தோழி தினமும் காலையில் பஸ் நிற்கும் முனையில் உள்ள தள்ளுவண்டியில் சாப்பிடுவாள்' என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எழுந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தாள். "அந்த வண்டிக்காரி சுத்தமா இருப்பாளா, அம்மா?" என்று கேட்டாள்.

அது என் அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் தண்ணீரைக் காய்ச்சுகிறாள், உங்கள் பெண்தான் காற்றுக்குத் தகடு பிடித்துக்கொண்டு நின்றாள் என்று சொல்லியிருக்க வேண்டும். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

நான்கைந்து நாள் கழித்து, காலையில் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஒரு ஜீப்பில் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் பஞ்சாயத்து ஆபீஸ் என்றார், மற்றவர்கள் யாரென்று தெரியாது. வண்டியை எடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த புகார் இருக்கிறது, ஒரு பெண் செத்திருக்கிறாள் என்றார்கள். அக்கா குண்டானைக் காட்டினாள்.

"இங்க பாருங்க சார், கொதிக்கவெச்சித்தான் குடுக்கறோம். இதோ, தொட்டுப் பாருங்க. இவங்கள கேளுங்க, தெனம் பாக்கறாங்க."

அவள் கை காட்டிய பக்கத்தில் நாங்கள் ஒரு முப்பது பேர் நின்றிருந்தோம். யாரும் பேசவில்லை. புகார் எழுதியது யாரென்று அக்காவுக்குத் தெரியாது.

ஒருவன் அடுப்பை அணைக்கப் போனான். மாமா குறுக்கே நின்றார். அவன் அவரைத் தள்ளிவிட்டு சிலிண்டர் குழாயைப் பிடித்து இழுத்தான். வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. குண்டான் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போய் அக்கா நின்ற பக்கம் கவிழ்ந்தது. பாதித் தண்ணீர் கல்லில், பாதி அவள் மேல். ஆவியில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. முதலில் கல் சீறியது, பிறகு அக்கா.

ஓடினேன். அந்த ஒன்றையாவது செய்தேன். இடது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் புடவை ஒட்டிக்கொண்டிருந்தது. நீல டிரம்மிலிருந்து சொம்பு சொம்பாகப் பச்சைத் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். ஜீப் போய்விட்டது. மாமா ஓர் ஆட்டோவை நிறுத்தினார். அக்காவை ஏற்றும்போது கம்பெனி பஸ் வந்தது.

"நீ போ, பாப்பா. பஸ்ஸு வந்துடுச்சி. நான் பாத்துக்கறேன்," என்றார் மாமா.

நான் அந்தப் பஸ்ஸில் ஏறினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தேன். அன்று என் வரிசையில் ஒரு பீஸ்கூட தப்பாகப் போகவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார்.

அக்கா மூன்று மாதம் அம்மா வீட்டில் படுத்திருந்தாள். வாழை இலை போட்டு, அதன் மேல் காலை வைத்திருப்பாள். தோல் உரிந்து, புதுத்தோல் இழுத்துக்கொண்டு வளர்ந்ததில் முழங்கால் முழுசாக மடங்காமல் போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒரு குழந்தை தங்காமல் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா நம்பவில்லை. மாமா திருப்பதிக்கே திரும்பிப் போனார். அவர் முன்பு வேலை செய்த ஓட்டலில் இடமில்லை, வேறொன்றில் மாவாட்டும் இடத்தில் நின்றார். வண்டியைச் சத்தியவேட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரன் எடுத்துக்கொண்டான். அந்தக் கல் சூட்டில் ஒரே பக்கம் தண்ணீர் கொட்டியதில் வளைந்துவிட்டிருந்தது. அதில் இனி தோசை ஊற்ற முடியாது.

எனக்கு நிரந்தர வேலை வந்தது. அம்மா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாள். அதே மாதத்தில் ஹாஸ்டல் பின்பக்கம் பழைய தொட்டியை மூடிவிட்டு, தள்ளி வேறு பக்கம் புதிதாகக் கட்டினார்கள். உள்ளே வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்தக் கம்பெனியில் நான் ஆறு வருஷம் இருந்தேன். அப்புறம் வேறொரு கம்பெனி, கல்யாணம், சென்னை. தபாலில் பி.ஏ. படித்தேன். இப்போது ஏதோ எழுதுகிறேன் என்று நாலு பேருக்குத் தெரியும். இவ்வளவு காலத்தில் நான் எழுதியது எதிலும் அக்கா இல்லை.

போன வருஷம் திருப்பதியில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கினேன். ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் ஒரே அறை. அக்கா ஒரு கல்லூரி மெஸ்ஸில் அரிசி களைந்து, காய் நறுக்கும் வேலைக்குப் போகிறாள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ள அனுமதித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். தொட்டி, வார்டனம்மா, தாள், கையெழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் தேய்த்துக்கொண்டே கேட்டாள். நிறுத்தவில்லை. முழங்காலில் ஆரம்பித்துக் கணுக்கால் வரைக்கும் போய், மறுபடியும் முழங்காலுக்கு வந்தாள்.

"அழுவாத," என்றாள் கடைசியில். குரலில் இரக்கம் இல்லை. "நீ அழுவறத பாக்க எனக்குப் புடிக்கல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அவங்க இன்னா நெனச்சிக்கினு கீறாங்க? நான் குடுத்த தோசைய துன்னுதான் செத்துப்போச்சின்னு. அப்டித்தான?"

"ஆமா."

"அப்போ இத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எனக்கு நான் காய்ச்சி குடுத்தேன்னு தெரியும்."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தாள்.

என்னிடம் அந்த அம்மாவின் நம்பர் இருந்தது. ஸ்ரீகாகுளத்துக்காரியின் போன் ஒருமுறை பழுதானபோது என் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினாள். அப்போது பதிந்து வைத்தது, எத்தனையோ போன் மாறியும் கூடவே வந்துகொண்டிருந்தது. அழிக்க மனம் வரவில்லை, கூப்பிடவும் தைரியமில்லை. சென்னைக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் கூப்பிட்டேன். நம்பர் மாறியிருக்கும் என்று பாதி ஆசையோடுதான் கூப்பிட்டேன். எடுத்தாள்.

நான் யாரென்று சொன்னதும், "சத்தியவேடு பொண்ணா?" என்றாள். மகள் என்னைப் பற்றி வீட்டில் நிறையச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. நான் தெலுங்கில் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்காரி என் அக்கா என்று சொன்னேன். அவள் தண்ணீரைக் காய்ச்சினாள் என்று சொன்னேன். கெட்டது ஹாஸ்டல் தண்ணீர்தான், அது எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன்.

அவள் கத்துவாள், சாபம் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"தண்ணி நாத்தமடிக்குதுன்னு அவ எங்கிட்ட போன்ல சொன்னா," என்றாள் அந்த அம்மா. "மழைக்கு முன்னாடியே சொன்னா. நான்தான், ரெண்டு மாசம் சர்துகோ, அப்புறம் வீட்டுக்கு வான்னு சொன்னேன்."

சமாளித்துக்கொள் என்று அர்த்தம். நானும் எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான்.

"நீங்க என்னை என்ன வேணாலும் சொல்லுங்கம்மா," என்றேன்.

"உன்னை என்ன சொல்றது," என்றாள். போனை வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு அக்காவுக்குப் போன் செய்தபோது இதைச் சொன்னேன். அவள் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள், பஸ் இரைச்சல் கேட்டது.

"அந்தம்மாவும் ரெண்டு மாசம்னா சொல்லிச்சி?" என்றாள்.

"ஆமாக்கா. ரெண்டு மாசம்."

"சரி, எறங்கற எடம் வந்துடுச்சி," என்று வைத்துவிட்டாள்.